கண்ணுக்குள் நிற்பதும் வாயில் வராததும்

யாழ்ப்பாணத்தில் செல் குண்டு விழுந்த வீட்டை நேரில் கண்டவர், முப்பது வருடம் கழித்து அதைச் சொல்லும்போதும் “இப்பவும் கண்ணுக்குள்ளயே நிக்குது” என்றுதான் சொல்வார். “நினைவில் இருக்கிறது” என்பது பாடப்புத்தகத் தமிழ். நடந்தது நடந்து முடியவில்லை, காட்சி இன்னும் கண்ணைவிட்டு இறங்கவில்லை என்பதே அந்தப் பேச்சின் பொருள். மனவடு நோய் என்றால் என்னவென்று உளமருத்துவக் கையேடுகள் பக்கம் பக்கமாக விளக்குவதை நம் ஊர்ச் சனம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது.

அதனால்தான், கண்ணை இடமும் வலமும் அசைக்கவைத்து அந்தக் காட்சியின் வேகத்தைத் தணிக்கலாம் என்று 1989இல் ஒரு அமெரிக்கப் பெண்மணி எழுதியபோது அங்கே பலர் சிரித்தாலும், தமிழ்க் காதுக்கு அது அவ்வளவு விசித்திரமாகப் பட்டிருக்காது. ஆனால் காதுக்கு இதமாக இருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? இன்று கண்ணசைவின் பெயரால் நாலைந்து சிகிச்சைகள் கடை விரித்திருக்கின்றன. அவற்றில் எது எதைச் செய்கிறது, எதற்குச் சான்று உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பார்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும். நான் மொன்ட்ரியால்-நோரை எடுத்துக்கொள்கிறேன். மொன்ட்ரியால் தீவின் வடக்கு ஓரம், பிரேரி ஆற்றங்கரை, ஏறக்குறைய 84,000 பேர். ஹெய்ட்டியர், மக்ரெபியர், இலத்தீன் அமெரிக்கர் என்று புலம்பெயர்ந்தவர்கள் நெருங்கி வாழும் பகுதி. தமிழர் அங்கே குறைவு. நம்மவர்கள் கோட்-டெ-நேஜ், பார்க்-எக்ஸ்டென்ஷன் பக்கம்தான் முதலில் கூடினார்கள். ஆனாலும் ஒரு பேட்டையின் மேல் எத்தனை அடுக்காகத் துயரம் படியலாம் என்பதற்கு அது நல்ல பாடம். 2008 ஆகஸ்ட் 9ஆம் திகதி ஆன்றி-புராஸா பூங்காவில் ஃப்ரெடி வில்லனுவேவா என்ற 18 வயதுப் பையன், கையில் ஆயுதமில்லாமல், பொலிஸ் சூட்டில் இறந்தான். மறுநாள் இரவு தெருக்கள் எரிந்தன. 2010 ஜனவரி 12இல் ஹெய்ட்டியில் நிலம் நடுங்கியபோது இங்கே வீட்டுக்கு வீடு தொலைபேசி அலறியது. 2017 கோடையில் ராக்ஸம் வீதி வழியாக எல்லை கடந்து வந்த ஹெய்ட்டியரை ஒலிம்பிக் அரங்கில் கட்டில் போட்டுத் தங்கவைத்தார்கள். அவர்களில் பலர் பிறகு வாடகைக்கு வீடு தேடி வந்தது இந்தப் பக்கம். 2020 வசந்தத்தில் கொரோனா, கனடாவிலேயே மிக மோசமாக அடித்த இடங்களில் ஒன்று இது. முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்த பெண்கள் பலர் இங்கிருந்துதான் பேருந்து ஏறிப் போனார்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் உளவியலாளர் முன் வந்து உட்கார்கிறார் என்று வையுங்கள். அவரிடம் என்ன கேட்பது? “நடந்ததைச் சொல்லுங்கள்” என்றா? எல்லா முரண்பாடும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

*

அந்த அமெரிக்கப் பெண்மணி ஃபிரான்சின் ஷப்பீரோ. 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னைத் தொல்லைப்படுத்திய எண்ணங்கள் கண் இங்குமங்கும் ஓடும்போது மங்கிப்போனதைக் கவனித்ததாக அவரே எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டு கழித்து, 22 பேரை வைத்துச் செய்த சிறிய சோதனையை வெளியிட்டார். 1991இல் அந்த முறையின் பெயரோடு இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்து ஈ.எம்.டி.ஆர். என்று பெயரிட்டார். கண்ணசைவால் வலியுணர்வைத் தணித்து, நினைவை மறுபடி பதப்படுத்துவது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 2019இல் அவர் இறந்தபோது அந்த முறை உலகம் முழுவதும் பரவியிருந்தது.

அறைக்குள் நடப்பது இதுதான். எட்டுக் கட்டங்கள், முதல் இரண்டும் வரலாறு கேட்பதற்கும், தாங்கிக்கொள்ளும் வலுவை உண்டாக்குவதற்கும். பிறகு நோயாளி ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தக் காட்சியோடு ஒட்டிக்கிடக்கும் எண்ணம் எது? பெரும்பாலும் “என் பிழைதான்” என்பதுபோல ஒன்று வரும். அதற்குப் பதிலாக எதை நம்ப விரும்புகிறார்? உடம்பில் எங்கே இறுகுகிறது? வேதனைக்கு 0 முதல் 10 வரை எத்தனை எண்? இவ்வளவும் கேட்டபின் சிகிச்சையாளர் இரண்டு விரலை முகத்துக்கு முன்னே இடமும் வலமுமாக அசைக்கிறார். காட்சியை மனதில் பிடித்துக்கொண்டே கண்ணால் விரலைத் தொடர வேண்டும். அரை நிமிடம் போல. நிறுத்தி, “இப்ப என்ன வருது?” என்று கேட்பார். “அம்மாவின்ர கை” என்று ஒரு சொல் போதும். “சரி, அதோடயே போங்கோ.” மறுபடி விரல். எண் பூச்சியத்துக்கு இறங்கும்வரை, அல்லது நேரம் முடியும்வரை.

மற்ற முறைகளோடு வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சான்று வலுவாக உள்ள இன்னொரு சிகிச்சையான நீடித்த எதிர்கொள்ளலில், நோயாளி கண்ணை மூடி, நடந்ததை நிகழ்காலத்தில், வாய்விட்டு, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதன் ஒலிப்பதிவை வீட்டிலும் கேட்க வேண்டும். ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் குழுவினர் அகதிகளுக்கென்றே உருவாக்கிய கதையாடல் சிகிச்சையில் ஒரு கயிற்றைத் தரையில் வாழ்க்கைக்கோடாக விரித்து, நல்லவற்றுக்குப் பூவும் கெட்டவற்றுக்குக் கல்லும் வைத்து, பிறந்ததிலிருந்து முழுக் கதையையும் சொல்லி எழுதுகிறார்கள். ஈ.எம்.டி.ஆரில் கதை நோயாளியிடமே இருக்கிறது. சிகிச்சையாளருக்குக் கிடைப்பது துண்டு துண்டாகச் சில சொற்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கண்ணைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள். என் கணிப்பில் இந்த முறைகளைப் பிரித்துக் காட்டுவது வாய்.

*

முதலில் கண் சண்டையைப் பார்த்துவிடுவோம், அதில் சுவாரசியம் நிறைய.

ஹார்வர்டின் ரிச்சர்ட் மெக்னலி 1999இல் கறாராக ஒன்றைச் சொன்னார்: இந்த முறையில் வேலை செய்வது புதிதல்ல, புதிதானது வேலை செய்வதில்லை. அதாவது, நினைவை மறுபடி மறுபடி நேரில் சந்திப்பதே குணப்படுத்துகிறது, விரலாட்டம் வெறும் அலங்காரம். 2001இல் டேவிட்சன், பார்க்கர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள். 2013இல் லீ, குய்பர்ஸ் என்ற இருவர் 26 ஆய்வுகளைத் தொகுத்தபோது முடிவு திரும்பியது: கண்ணசைவு சேர்ந்தால் மேலதிகமான பலன் தெரிகிறது.

பலன் தெரிந்தால் காரணம் வேண்டுமே. மூளையின் இடப்பாதியும் வலப்பாதியும் பேசிக்கொள்கின்றன என்று ஒரு விளக்கம் நெடுங்காலம் உலவியது; இன்றும் சில விளம்பரங்களில் உலவுகிறது. 2008இல் கல்கரி பல்கலைக்கழகத்தின் கண்டர், பொட்னர் இருவரும் எளிமையாக அதைச் சோதித்தார்கள். கண்ணை இடம்-வலமாக அசைப்பதற்குப் பதில் மேலும் கீழும் அசைக்கச் சொன்னார்கள். நினைவின் கூர்மை அதிலும் அதேபோல மழுங்கியது. சிக்கலான உருவம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னாலும் மழுங்கியது. இடது, வலது கதை அதோடு தளர்ந்துவிட்டது.

மிஞ்சிய விளக்கம் செயல்நினைவு. ஒரு நேரத்தில் மனம் கையில் பிடித்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். அந்தச் சின்ன மேசையில் கோரக் காட்சியையும் வைத்து விரலையும் பின்தொடரச் சொன்னால், இரண்டுக்கும் இடம் போதாது. காட்சி அரைகுறையாகவே விரியும். விரிந்த அந்த மங்கலான வடிவமே மீண்டும் சேமிப்புக்குப் போகும். தமிழ் வாசகருக்கு இதை விளக்க அவதானக் கலையைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பவர் ஒருபக்கம், முதுகில் நெல் எறிபவர் ஒருபக்கம், மணியடிப்பவர் ஒருபக்கம் என்று இருக்க, செய்குத்தம்பிப் பாவலர் போன்ற சதாவதானிகள் எதையும் தவறவிடாமல் பதில் சொன்னதைப் பெரிய அற்புதமாக நாம் கொண்டாடுகிறோம். ஏன்? மற்றவர்களால் இரண்டைக்கூடச் சேர்த்துப் பிடிக்க முடியாது. ஈ.எம்.டி.ஆர். பயன்படுத்திக்கொள்வது மனிதருடைய அந்த இயலாமையை. அவதானிக்கு இந்தச் சிகிச்சை பலிக்காது என்றே நினைக்கிறேன்!

இந்த விளக்கத்தோடு இன்னொரு செய்தியும் பொருந்துகிறது. விரலுக்குப் பதிலாகக் காதில் இடம் வலமாக ஒலி கொடுக்கும் கருவியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நோயாளிகளுக்கும் அது வசதி. ஆனால் நெதர்லாந்தின் வன் டென் ஹவுட் குழு சோதித்தபோது ஒலி கண்ணசைவைவிடப் பலவீனமாக இருந்தது. சும்மா கேட்பதற்கு மனம் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. மேசை காலியாகவே இருக்கும்.

ஆனாலும் விவகாரம் அங்கே முடியவில்லை. 2016இல் ஜெர்மனியில் மார்ட்டின் சாக் குழுவினர் 139 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் அசையும் கையைப் பார்த்தார்கள். இன்னொரு பிரிவினர் அசையாத கையை வெறித்துப் பார்த்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குப் பார்க்க எதுவும் கொடுக்கவில்லை. நினைவை எதிர்கொள்வது மட்டும். மூன்று பிரிவினருமே நன்றாகத் தேறினார்கள். கையைப் பார்த்த இரு பிரிவினரும் கூடுதலாகத் தேறினார்கள். அந்த இரண்டுக்கும் இடையில், அசையும் கைக்கும் அசையாத கைக்கும் இடையில், வித்தியாசம் இல்லை. கண்ணசைவுச் சிகிச்சையில் கண் அசைய வேண்டியதில்லையோ என்று நினைக்கவைக்கும் முடிவு இது. ஒரு காலை அந்தக் காட்சியிலும் மறு காலை இந்த அறையிலும் ஊன்றி நிற்பதுதான் முக்கியம் போலும்.

ஒரே ஒரு தடுமாற்றம் என்னவென்றால், 2019இல் கொரிய விஞ்ஞானிகள் எலிகளுக்கு ஒளியை இடம் வலமாக மாறி மாறிக் காட்டி, பயம் தணிவதை மட்டுமல்ல, அதற்கான மூளை வழியையும் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். எலியும் மனிதரும் ஒன்றல்ல என்று சொல்லிக் கடந்துவிடலாம். கடக்க எனக்கு முழு மனம் வரவில்லை.

*

இனி மற்ற உறவுமுறைகள்.

2008இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லேனி ரோசன்ஸ்வைக் என்பவர் ஈ.எம்.டி.ஆரிலிருந்து கிளைத்து ஏ.ஆர்.டி. என்ற துரிதத் தீர்வு முறையை அமைத்தார். இங்கே கண்ணசைவின் எண்ணிக்கை நிலையானது, ஒரு சுற்றுக்கு 40. நோயாளி காட்சியை மனதுக்குள் படம்போல ஓட்டிப் பார்க்கிறார், உடம்பில் எழும் உணர்ச்சியைத் தணிக்கிறார், பிறகு அந்தப் படத்தைத் தான் விரும்பும் வேறொரு படமாக மாற்றிப் போடுகிறார். நடந்த உண்மை தெரிந்தே இருக்கும். கண்ணுக்குள் நிற்கும் சித்திரம் மாறும். வாயைத் திறந்து எதையும் சொல்லத் தேவையில்லை. ஒன்று முதல் ஐந்து அமர்வில் முடிந்துவிடும் என்கிறார்கள். 2013இல் கெவின் கிப் குழுவினர் 57 அமெரிக்கப் படைவீரர்களிடம் செய்த சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் 57 பேர் 57 பேர்தான். ஒப்பிட்டதும் இன்னொரு வலுவான சிகிச்சையோடு அல்ல.

அடுத்தது நம் மாகாணமான கியூபெக்கோடு தொடர்புள்ளது. நரம்புமொழி நிரலாக்கம் என்று பெரிய பெயர் சூடிய என்.எல்.பி. வட்டத்தில் 1989இல் கொனிரே, ஸ்டீவ் அன்ட்ரியாஸ் தம்பதியர் ஒரு கண்ணசைவு முறையைக் கண்டார்கள். கியூபெக்கின் உளவியலாளர் டனி போலியூ அதை விரித்து, ஈ.எம்.ஐ. என்ற பெயரில் 2003இல் முழு நூலாக எழுதினார். இங்கே விரல் நேர்கோட்டில் போவதில்லை. பார்வைப் புலத்தின் எல்லாத் திசைகளுக்கும் போகிறது. மேலே பார்த்தால் காட்சி, பக்கத்தில் பார்த்தால் ஒலி, கீழே பார்த்தால் உணர்ச்சி என்ற என்.எல்.பி. நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. அந்த அடித்தளம் ஆட்டம் காண்பது. கண் போகும் திசையை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று அதே வட்டத்தினர் பரப்பியதை 2012இல் வைஸ்மன் குழு சோதித்தது, எதுவும் தேறவில்லை. ஈ.எம்.ஐ. பலருக்கு உதவியதாக அதைச் செய்பவர்கள் சொல்வதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். நினைவை எதிர்கொள்ளவைத்து, கவனத்தைப் பிரித்தால் ஏதோ ஒரு பலன் வரத்தான் செய்யும். ஆனால் பெரிய, சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனைகள் அதற்குப் பின்னால் இல்லை.

நியூயோர்க்கின் டேவிட் கிராண்ட் 2003இல் கொண்டுவந்த பிரெய்ன்ஸ்பாட்டிங்கும் அப்படித்தான். இதில் கண் அசைவதில்லை. எந்த இடத்தைப் பார்த்தால் வேதனை கிளர்கிறதோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கேயே பார்வையை நிறுத்துகிறார்கள். சாக் குழுவின் அசையாத கை தங்களுக்குச் சாதகம் என்று இவர்கள் மகிழலாம். மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தச் சோதனையில் யாரும் எந்த இடத்தையும் தேடவில்லை. கை இருந்த இடமே இடம்.

ஆக, சான்றின் தராசில் ஈ.எம்.டி.ஆர். ஒரு தட்டில், மற்றவையெல்லாம் சேர்ந்து மறு தட்டில் இருந்தாலும் முள் ஒருபக்கம்தான் சாயும். 2013இல் உலகச் சுகாதார நிறுவனம், மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோடு ஈ.எம்.டி.ஆரையும் பரிந்துரைத்தது. 2018இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு போர்க்களம் அல்லாத மனவடுவுக்கு அதை ஏற்றது. அமெரிக்க உளவியல் சங்கம் 2017இல் ஒரு படி கீழே வைத்து நிபந்தனையோடு பரிந்துரைத்தது. அமெரிக்கப் படைத்துறையின் 2023 வழிகாட்டி முதல் வரிசையில் வைத்தது. சகோதரச் சண்டை இருக்கிறது, ஆனால் குடும்பத்துக்குள் இடம் உறுதி.

*

மொன்ட்ரியாலுக்கு இந்த விஷயத்தில் தனிச் சரித்திரம் உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. நினைவு என்றால் என்ன என்ற கேள்விக்கு உலகம் தந்த பதில்களில் மூன்று இந்த நகரத்து மலைச்சரிவோடு சம்பந்தப்பட்டவை. 1934இல் மொன்ட்ரியால் நரம்பியல் நிலையத்தை நிறுவிய வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் வலிப்பு நோயாளிகளின் மூளையை மின்கம்பியால் தொட்டபோது சிலருக்குப் பழைய பாட்டும் பேச்சும் காதில் கேட்டன. அனுபவம் எல்லாம் ஒலிநாடாவில் போல அழியாமல் பதிந்திருக்கிறது என்று அவர் நம்பினார். அதே மலைச்சரிவில் அலன் மெமோரியல் நிலையத்தில் ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் யூவன் கேமரன், அமெரிக்க உளவுத்துறையின் பணத்தோடு, நோயாளிகளை வாரக்கணக்கில் மயக்கத் தூக்கத்தில் ஆழ்த்தி, மின்னதிர்ச்சி கொடுத்து, ஒரே வாசகத்தை ஒலிநாடாவில் ஓடவிட்டு, நினைவைத் துடைத்துப் புதிதாக எழுத முயன்றார். பலருடைய வாழ்க்கை பாழானது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் நினைவில் கை வைப்பவர் யாராக இருந்தாலும் அந்தக் கட்டடத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மூன்றாவது, 2000ஆம் ஆண்டு கரிம் நாடர் எலிகளிடம் காட்டியது. பழைய பயநினைவைக் கிளறினால் அது மறுபடி இளகுகிறது. திரும்ப இறுகுவதற்குள் அதைத் தடுத்தால் நினைவு பலம் இழக்கிறது. பிறகு அவர் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்த எண்ணத்தை மனிதரிடம் கொண்டுவந்தவர் மெக்கிலைச் சேர்ந்த டக்ளஸ் நிலையத்தின் அலன் ப்ரூனே. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலோல் மாத்திரையை விழுங்கச் செய்து, ஒன்றரை மணி நேரம் கழித்து, நோயாளி தன் கையால் எழுதிய சம்பவத்தைத் தானே வாசிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, ஆறு வாரம். 60 பேரிடம் செய்த அவருடைய சோதனை 2018இல் வெளியாகி நம்பிக்கை தந்தது. பிரான்ஸில் நடந்து 2021இல் வெளியான இன்னொரு சோதனையில் மாத்திரை எடுத்தவர்களும் வெற்று மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். ஈ.எம்.டி.ஆர். விரலுக்கு நேர்ந்த கதைதான் மாத்திரைக்கும்! பக்கவாத்தியத்தை மாற்றிப் பார்க்கிறோம். பாடுவது ஒரே ஆள். பாதுகாப்பான ஓர் அறையில் நினைவை மறுபடி சந்திப்பது.

*

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா? சராசரி எண்ணில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சராசரி மனிதர் யாரும் மொன்ட்ரியால்-நோரில் 69ஆம் இலக்கப் பேருந்தில் ஏறுவதில்லை.

அகதிக் கோரிக்கையாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். எல்லையில் ஒரு தடவை கதை சொன்னார். வழக்கறிஞரிடம் சொன்னார். படிவத்தில் எழுதினார். குடிவரவு அகதிகள் சபையின் முன் மறுபடி சொல்லப் போகிறார். திகதி ஒன்று மாறினால் “முரண்பாடு” என்று எழுதுவார்கள். அவருக்குக் கதை சொல்வது என்பது சோதனை, தண்டனை, தலைவிதி. அவரிடம் போய் “மனம் விட்டுச் சொல்லுங்கள், ஆறுதல் கிடைக்கும்” என்றால் எப்படி நம்புவார்? மொழிபெயர்ப்பாளர் வேறு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கண்டெடுக்கப்பட்ட 155 தமிழரிலிருந்து எண்ணினால் நமக்கு இங்கே ஏறக்குறைய நாற்பது ஆண்டு. ஆனாலும் சமூகம் சின்னது. அறையில் உட்கார்ந்து நம் வாய்ச்சொல்லைப் பிரெஞ்சுக்கு மாற்றுகிறவரை வெள்ளிக்கிழமை கோயிலில் முகம் பார்க்க வேண்டியிருக்கும். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் அவர் முன் எதைச் சொல்வாள்? ஹெய்ட்டிய கிரியோல் பேசும் பெண்ணுக்கும் இதே நிலைதான்.

இங்கேதான் ஈ.எம்.டி.ஆரின் மெய்யான பலம். “காட்சி மாறுது”, “நெஞ்சு இறுகுது”, “இப்ப நாலு” என்ற அளவில் மொழி போதும். வீட்டுப்பாடம் இல்லை, எழுத்தறிவு தேவையில்லை. கண்ணசைவின் அறிவியல் நாளைக்கு முழுவதும் பொய்த்துப்போனாலும் இந்த நன்மை பொய்க்காது. அதற்காகப் பேச்சே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. நம்பிக்கை உண்டாக்கும் முதல் இரண்டு கட்டங்களுக்கு நிறையப் பேச வேண்டும். மொழியும் பண்பாடும் தெரிந்தவர் வேண்டும். லோரன்ஸ் கிர்மையர் 1999இல் மொன்ட்ரியால் யூதப் பொது மருத்துவமனையில் தொடங்கிய பண்பாட்டு ஆலோசனைச் சேவை, மொழிபெயர்ப்பாளரோடு பண்பாட்டுத் தரகரையும் அறையில் உட்காரவைப்பது இந்தக் காரணத்தால்தான்.

ஒரு சிக்கலையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த முறைகள் நினைவின் கூர்மையைக் குறைக்கின்றன, ஏ.ஆர்.டி. சித்திரத்தையே மாற்றுகிறது. அகதி விசாரணை கூர்மையான விவரத்தைக் கேட்கிறது. 2018இல் நெதர்லாந்தின் ஹௌபன் குழு, கண்ணசைவு பொய்ந்நினைவுகளைக் கூட்டுகிறது என்று எழுதியது. அடுத்த ஆண்டே வன் ஸ்கி, லேர் இருவரும் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அது உறுதிப்படவில்லை. எனவே பீதி தேவையில்லை. ஆனால் விசாரணைக்கு முன் சிகிச்சை தொடங்குபவர், வாக்குமூலத்தை வழக்கறிஞரோடு உட்கார்ந்து முழுமையாக எழுதிக் கையொப்பமிட்டபின் தொடங்குவது புத்தி. சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, படிவத்தை முந்திச் செய்யச் சொல்கிறேன்.

*

விரல் இல்லாமலும் மாத்திரை இல்லாமலும் என்ன நடக்கும் என்பதற்கு ஈழத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் அமெரிக்க ஈ.எம்.டி.ஆர். தொண்டர்கள் இலங்கைக்கு வந்து உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதே காலத்தில் வடகிழக்கில் கத்தானி குழுவினர், போரும் சுனாமியும் இரண்டும் பட்ட 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் கதையாடல் சிகிச்சை, மறு பகுதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டும் ஆறு அமர்வு. நடத்தியவர்கள் உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 81 சதவீதமும் இரண்டாம் பிரிவில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். 31 பேரில் அந்த இடைவெளிக்குப் புள்ளியியல் மதிப்பு கிடையாது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததும் இதுவே: மூச்சுப் பயிற்சி, மந்திர உச்சரிப்பு, தசைத் தளர்வு போன்று சனத்துக்குப் பழகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், தனிமனிதனை மட்டும் பார்க்காமல் குலைந்துபோன ஊரையும் பாருங்கள்.

அந்தக் கடைசி வார்த்தை மொன்ட்ரியால்-நோருக்கு அப்படியே பொருந்தும். கண்ணசைவுச் சிகிச்சைகள் முடிந்துபோன ஒரு சம்பவத்துக்கு நன்றாக வேலை செய்யும். முடியாத சம்பவத்துக்கு? மகன் வெளியே போனால் பொலிஸ் மறிக்குமா என்று தாய் பயப்படுவது பழைய நினைவு அல்ல, இன்றைய நிலவரம். விரலை எவ்வளவு அசைத்தாலும் தீராது, தீரவும் கூடாது. 2009இல் போர் முடிந்த சில மாதங்களில் யாழ் மாவட்டத்தில் எடுத்த கணக்கில் மனவடு நோய் 7 சதவீதம், மனச்சோர்வு 22.2 சதவீதம், பதற்றம் 32.6 சதவீதம். கண்ணுக்குள் நிற்பது மட்டுமே துயரம் அல்ல. காணாமற் போனவரும் கையில் இல்லாத வேலையும் நெஞ்சில் கனக்கும் துயரத்துக்கு வேறு மருந்து வேண்டும். டொரொண்டோவில் 1,603 தமிழரிடம் மோர்ட்டன் பைசர் குழு செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் மனவடு நோய்க்கு ஆளானவர்கள் 12 சதவீதம். வேறு அளவுகோல் என்பதால் யாழ்ப்பாணத்தோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் எட்டுப் பேரில் ஒருவர் என்பது நம் கல்யாண மண்டபத்தில் ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர்.

என் தீர்ப்பு இது. கார் விபத்து, தாக்குதல், ஒரு குண்டுவெடிப்பு என்று எல்லை தெரிந்த காட்சி ஒன்று கண்ணுக்குள் நின்று வதைக்கிறது, அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றால் ஈ.எம்.டி.ஆரைத் தயங்காமல் நாடலாம். ஏ.ஆர்.டி. இன்னும் பரீட்சையில் இருக்கிற கெட்டிக்கார மாணவன். ஈ.எம்.ஐ.யையும் பிரெய்ன்ஸ்பாட்டிங்கையும், தகுதியுள்ள ஒருவர் மற்றவற்றோடு சேர்த்துச் செய்தால் பார்க்கலாம். அவற்றுக்கென்று தனியாகக் காசைக் கொட்ட நான் சொல்லமாட்டேன். யூடியூப் பார்த்து வீட்டில் தானே விரலை ஆட்டிப் பார்ப்பது எதுவானாலும் வேண்டாம். கிளறிய நினைவை இறக்கிவைக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால், தலைசுற்றித் தன்னை மறக்கும் நிலைக்குச் சிலர் போய்விடுவார்கள்.

கடைசியாக, கியூபெக்கில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. இங்கே 21ஆம் இலக்கச் சட்டம் 2012 ஜூன் 21 முதல் உளசிகிச்சையை மருத்துவர், உளவியலாளர், கியூபெக் உளவியலாளர் சங்கத்தின் அனுமதி பெற்றவர் ஆகியோருக்கு மட்டும் உரியதாக்கியிருக்கிறது. (2019இன் சமயச் சின்னச் சட்டத்துக்கும் அதே எண் என்பதால் பலர் குழம்புகிறார்கள்; இது வேறு.) “துணைவழி”, “சக்தி”, “பயிற்றுநர்” என்ற பலகையின் கீழ் கண்ணசைவு விற்பவர்கள் அந்தச் சட்டத்தின் விளிம்பில் நிற்கிறார்கள். தனியார் அமர்வு ஒன்றுக்குப் பொதுவாக நூறு டொலருக்கு மேல் ஆகும். குற்றச்செயலுக்கு ஆளானவர்களுக்கு இவாக் என்ற மாகாண இழப்பீட்டுத் திட்டமும், அகதிக் கோரிக்கையாளருக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டமும் உளசிகிச்சைச் செலவை ஏற்க வழியுண்டு. முன் அனுமதி கேட்க வேண்டும். காசு கொடுப்பதற்கு முன் சிகிச்சையாளரின் பெயரை உளவியலாளர் சங்கத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.